மெட்டேயின் தாடை

பச்சை ரிப்பன் ஒட்ட மாட்டேன் என்றது. மார்லா கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கும்வரை சாதுவாகக் கிடந்தது. விரலை எடுத்ததும் ஓர் ஓரமாகத் தலை தூக்கி, சுருண்டு, அவளைப் பார்த்தது.

இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் தீர்ந்துவிட்டது. மாமியார் லாரூ ஆல்பத்தோடு கொடுத்தனுப்பியது ஒரே ஒரு சுருள். ரிப்பன் கோணலாக இருக்கிறதோ என்று சந்தேகம் வரும்போதெல்லாம் பிய்த்துப் பிய்த்து மறுபடி ஒட்டினால் எந்த டேப்தான் மிஞ்சும்? நாளைக்கு முன்னோடிகள் நாள், யூட்டாவில் முதலில் குடியேறியவர்களைக் கொண்டாடும் திருநாள். காலையில் ஊர்வலம். அது முடிந்ததும் பூங்காவில் தோர்கில்சன் குடும்பக் கூடல். அங்கே நடு மேசையில் இந்த ஆல்பம் இருந்தாக வேண்டும். பாக்கி இருந்தது இந்த ஒரு பக்கம்தான். ஆனால் மொத்த ஆல்பமும் இந்த ஒரு பக்கத்துக்காகத்தான் செய்யப்பட்டது.

பக்கத்தின் நடுவில் அந்தப் போட்டோ. எள்ளுத்தாத்தா நீல்ஸ் தோர்கில்சன் மார்பை மறைத்த தாடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய மூன்று மனைவிகளும் நின்றார்கள். மூத்தாள் கிர்ஸ்டீன், நடுவுள்ளாள் மாரன், இளையாள் மெட்டே. டென்மார்க்கில் பிறந்து, கைவண்டி தள்ளிக்கொண்டு யூட்டா மலைகளுக்குள் வந்து சேர்ந்தவர்கள். நீல்ஸ் அவர்களை மூன்று தனித்தனி வீடுகளில் வைத்திருந்தார். வீடுகள் இடிந்து போயின, கிளைகள் மட்டும் இன்னும் தனித்தனியாகவே இருந்தன. கூடலுக்கு மூத்தாள் வழிக்காரர்கள் நீல டி-ஷர்ட் போட்டு வருவார்கள், நடுவுள்ளாள் வழிக்கு மஞ்சள், இளையாள் வழிக்குப் பச்சை. ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த மூன்று நிற ரிப்பனும் இருக்க வேண்டும். ஒரே அகலம், ஒரே நீளம். ஒரு வருஷம் நீலம் அரை விரற்கடை அகலம் கூடிவிட்டது. மஞ்சள்காரர்கள் ஐஸ்கிரீமுக்குக்கூட நிற்காமல் வண்டியேறிவிட்டார்கள்.

மார்லா இந்தக் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. நெவாடாவில் சூதாட்ட மெஷின்களை ரிப்பேர் செய்தவரின் மகள். அதை லாரூ யாரிடமும் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பதை மட்டும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரிச் செய்வாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கூடலில் மார்லாவுக்கு ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு காகிதத் தட்டுகள். இந்தக் கோடையில் லாரூ ஏப்ரிகாட் பறிக்க ஏணியில் ஏறி, விழுந்து, மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். பக்கங்களையெல்லாம் அதற்கு முன்பே முடித்துவிட்டாள். ரிப்பன் ஒட்டுவது மட்டும் பாக்கி. வேறு வழியில்லாமல் ஆல்பம் மருமகள் கைக்கு வந்தது.

"இதை ஒழுங்கா முடிச்சுக் கொடு. அடுத்த வருஷத்திலேருந்து ஆல்பம் உன் பொறுப்பு," என்றாள் லாரூ. பிறகு, "பசை மட்டும் தொடாதே. மெல்லிசு ரிப்பன், ஊறிக் கீழே இறங்கிடும்," என்றாள்.

மார்லா இப்போது பசை பாட்டிலை எடுத்தாள். ஒரே ஒரு சொட்டு, ஓரத்தில் மட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாட்டிலின் மூக்கு காய்ந்து அடைத்திருந்தது. லேசாக அமுக்கினாள். ஒன்றும் வரவில்லை. பலமாக அமுக்கினாள்.

சொட்டு ரிப்பனைத் தாண்டிப் போய் மெட்டேயின் கன்னத்தில் விழுந்தது.

வீட்டில் வேறு சத்தம் இல்லை. வெளியே புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் மட்டும் டிக் டிக் என்று திரும்பிக்கொண்டிருந்தது. மார்லா அந்தச் சொட்டைப் பார்த்தபடி நின்றாள். அப்படியே விட்டிருந்தால் காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் விட்டுவிட முடிகிற கை அவளுக்கு வாய்க்கவில்லை. விரலால் துடைத்தாள். கன்னத்தில் இருந்த பசை மூக்குக்குப் போயிற்று. ஈரத்துணியால் ஒற்றினாள். இன்னொரு தரம் ஒற்றினாள். மெட்டேயின் முகம் வெளுத்து, ஓரத்தில் தோல் உரிகிற மாதிரி மேலே எழும்பியது. பதறிப்போய் அமுக்கினாள். முகம் மொத்தமும் ஒரு நெல்லளவு இடது பக்கம் நகர்ந்து உட்கார்ந்தது.

பழைய போட்டோ இப்படித்தான் உரியும் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

மெட்டேக்கு இருப்பது இந்த ஒரு படம்தான். மற்ற இரண்டு பேரும் வெறுந்தலையோடு நிற்க, அவள் மட்டும் நாடா கட்டிய குல்லா போட்டிருந்தாள். அது அடக்கத்தின் அடையாளம் என்று லாரூ சொல்வாள். ஆனால் லாரூ அதிகம் சொன்னது தாடையைப் பற்றி. கூடலில் வருஷா வருஷம் படத்தின் முன்னால் நின்று, "பனியில கைவண்டி தள்ளின தாடை இது," என்று ஆரம்பிப்பாள். பிறகு தன் தாடையைக் காட்டுவாள், மகன் கெண்ட்டின் தாடையைப் பிடித்துத் திருப்பிக் காட்டுவாள், பேத்தியின் தாடையை நிமிர்த்திக் காட்டுவாள். "மாரன் வழியில யாருக்காவது இப்படி ஒரு தாடை உண்டா, சொல்லுங்க பார்க்கலாம்," என்பாள். மஞ்சள்காரர்கள் பேசாமல் உருளைக்கிழங்கைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

அதிலும் இந்தப் படம் பல காலம் மஞ்சள்காரர்கள் கையில்தான் இருந்தது. ஆர்விலா பெரியம்மாவின் சமையலறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள். லாரூவின் தாயார் போராடி அதைப் பச்சைக்காரர்கள் கைக்குக் கொண்டுவந்தாள். இந்த வசந்தத்தில் லாரூ சட்டத்தைப் பிரித்துப் படத்தை ஆல்பத்தில் வைக்கப்போவதாகச் சொன்னபோது ஆர்விலா போன் செய்து, கண்ணாடிக்குள்ளேயே இருக்கட்டும், காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள். பொறாமை என்றாள் லாரூ. அன்று மாலையே சட்டத்தைப் பிரித்தாள்.

போன் அடித்தது. லாரூதான்.

"முடிஞ்சுதா?"

"முடியப் போவுது அத்தை."

"டேப் பத்துச்சா?"

"பத்துச்சு அத்தை."

லாரூ ஒன்றும் சொல்லவில்லை. லாரூவின் மௌனத்தில் பல வகை உண்டு. இது கேட்டதை நம்பாத வகை. "பசை வாசனை ரெண்டு நாள் போகாது, தெரியும்ல," என்றுவிட்டு வைத்தாள்.

மார்லா சமையலறை ஜன்னலைத் திறந்தாள். கதவையும் திறந்தாள். பிரிட்ஜின் மேல் அதே படத்தின் நகல், காலண்டரில் அச்சடித்தது, ஒட்டியிருந்தது. அதிலிருந்து மெட்டேயின் முகத்தை மட்டும் வெட்டி இதன்மேல் ஒட்டிவிட்டால்? கத்தரிக்கோலைக்கூட எடுத்துவிட்டாள். பிறகு கை கூசியது. பனியில் கைவண்டி தள்ளியவளுக்குப் பொய்முகமா? அந்த அளவுக்குத் துணிந்த கை இந்தக் குடும்பத்தில் இதுவரை பிறந்திருக்காது, நெவாடாவிலிருந்து வந்து தான் ஆரம்பித்துவைக்க வேண்டாம் என்று கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

அதற்குப் பதில் பச்சை ரிப்பனில் ஒரு பூ முடிச்சுப் போட்டாள். இரண்டு இதழ், நடுவில் ஒரு கட்டு, கீழே இரண்டு வால். அதை மெட்டேயின் முகத்தின் மேல் வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது. குல்லா வைத்த பெண் வெட்கப்பட்டுப் பூவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட மாதிரி.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கெண்ட் வந்தான். வான்கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் கொண்டுபோகும் லாரி ஓட்டுபவன். வாசற்படியில் நின்றே ஆல்பத்தை எட்டிப் பார்த்தான். விஷயம் முழுவதையும் கேட்டான். தலையைச் சொறிந்தான்.

"இங்கேருந்து பார்த்தா ஒண்ணும் தெரியல," என்றான்.

"எல்லாரும் வாசப்படியிலேருந்துதான் பார்ப்பாங்களா?"

"அது சரி. பச்சைக்குப் பூ வெச்சுட்டே. நீலத்துக்கும் மஞ்சளுக்கும்?"

மார்லா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. இளையாளுக்கு மட்டும் பூ என்றால் நாளைக்கு ஐஸ்கிரீம்வரை நிற்பதற்குப் பச்சைக்காரர்களைத் தவிர யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

நீல ரிப்பன் ஒரு பூவுக்குத் தேறியது. மஞ்சள் தேறவில்லை. பக்கத்து ஊரில் இருந்த கைவேலைக் கடைக்கு வண்டியை விரட்டினாள். ஊர்வலத்துக்கு முந்தின நாள். கடை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. டேப் இல்லை. சாதா மஞ்சள் ரிப்பன் இல்லை. இருந்த ஒரே மஞ்சளில் வரிசையாகச் சின்னச் சின்ன வாத்துகள், குழந்தை பிறந்த வீட்டுக்குக் கட்டுகிற ரிப்பன். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளை. வெள்ளை யாருடைய கிளையும் இல்லை. வாத்துகளையே எடுத்தாள். கூடவே கொஞ்சம் பச்சையும் நீலமும் கைகாவலுக்கு.

கல்லாவுக்கு முன்னால் நோலா நின்றுகொண்டிருந்தாள். மூத்தாள் வழி. நீலக் கிளையின் டி-ஷர்ட் கணக்கெல்லாம் அவள்தான். மார்லாவின் கூடையை எட்டிப் பார்த்தாள்.

"என்ன மார்லா, பச்சை ஜாஸ்தியா இருக்கு?"

"நீலமும் இருக்கே அக்கா."

"இருக்கு, இருக்கு. உங்க அத்தை இந்த வருஷம் என்னமோ பண்ணப் போறாங்கன்னு எனக்குத் தெரியும். கண்ணாடியைப் பிரிச்சப்பவே தெரியும்." நோலாவின் பார்வை வாத்துகள் மேல் நின்றது. "இது யாருக்கு?"

"குழந்தைக்கு," என்றாள் மார்லா.

நோலாவின் முகம் மலர்ந்தது. மார்லாவின் வயிற்றைப் பார்த்தாள், கையைப் பிடித்து அமுக்கினாள், யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்றாள். மார்லா வீடு வந்து சேர்வதற்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் லாரூ.

அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று மார்லா மூன்று தரம் சொன்னாள். குழந்தை இல்லையென்றால் வாத்து எதற்கு என்று லாரூ கேட்டாள். இந்த முறை மௌனம் இரண்டு பக்கமும் இருந்தது.

பூ முடிச்சுகள் கனமாக இருந்தன. சாதாப் பசையில் நிற்கவில்லை. மார்லா அலமாரியைக் குடைந்து, கிறிஸ்துமஸ் வளையத்துக்கு வாங்கிய பசையை உருக்கித் தள்ளும் துப்பாக்கியை எடுத்து பிளக்கில் சொருகினாள். நீலப் பூவை கிர்ஸ்டீனின் தோளுக்குப் பக்கத்தில், படத்துக்கு வெளியே ஒட்டுவதாகத்தான் திட்டம். பசை கொதித்துக்கொண்டு வந்தது. படத்தின் ஓரம் சூட்டில் நெளிந்து, கிர்ஸ்டீனின் தோளில் பழுப்பாக ஒரு கொப்புளம் எழுந்தது. ஊதினாள். கொப்புளம் கழுத்துக்கு நகர்ந்தது. பூவைச் சற்று இறக்கினால் கொப்புளம் மறையும். கூடவே மூத்தாளின் முகத்தில் பாதியும் மறையும். பாதி முகம் முழு முகத்தைவிட மோசமாக இருந்தது, ஒற்றைக் கண்ணால் மார்லாவையே பார்த்தது. முழுசாக மூடினாள்.

இப்போது நடுவுள்ளாள் மாரன் மட்டும் மூடாத முகத்தோடு நின்றாள். எங்கள் ஆளுக்கு மட்டும் பூ வைக்க மனசு வரவில்லையா என்று மஞ்சள்காரர்கள் கேட்பது காதில் விழுந்தது. மார்லா மாரனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வாத்துப் பூவை அவள் முகத்தில் ஒட்டினாள்.

தள்ளி நின்று பார்த்தாள். தாடிக்காரர் ஒருவர் மூன்று பிறந்தநாள் பரிசுகளுக்குக் காவல் இருக்கிற மாதிரி இருந்தது.

தவிர, ஆல்பம் மூடவில்லை. பூக்கள் உப்பிக்கொண்டு நின்றன. மேலே அரிசி மூட்டையை வைத்துப் பார்த்தாள். எடுத்ததும் ஆல்பம் மெதுவாக வாயைத் திறந்தது.

கெண்ட் மாலையில் லாரியை நிறுத்திவிட்டு வந்தான். மனைவி மேசையைச் சுற்றிச் சுற்றி நடப்பதைப் பார்த்தான். இரக்கம் வந்துவிட்டது. அந்த மாதிரி இரக்கம் வரும்போது அவன் கொட்டகைக்குப் போய்க் கருவி எடுத்து வருவான். கூரைக்குத் தார்த்தாள் அடிக்கிற ஸ்டேப்ளரோடு வந்தான்.

"வேணாம் கெண்ட்."

"ஒண்ணே ஒண்ணு. பூவோட வாலைத் தட்டையாப் பிடிச்சுக்கும். வெளிய தெரியாது."

டமால் என்றது. பூவின் வால் பிடித்துக்கொண்டது. நீல்ஸின் இடது பூட்ஸும் பிடித்துக்கொண்டது. அடியில் இருந்த பக்கங்களும் பிடித்துக்கொண்டன, லாரூவின் அப்பா அம்மா கல்யாணப் பக்கம் உள்பட. கெண்ட் கொஞ்ச நேரம் ஸ்டேப்ளரைப் பார்த்தான். ஏதோ அது தானாகச் செய்த மாதிரி அதைத் திருப்பி வைத்தான். இடுக்கியால் பின்னைப் பிடுங்கியபோது பூட்ஸ் இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. லாரூவின் அப்பாவுக்குக் கோட்டுப் பையில் ஓட்டை. நல்ல வேளை, அது பை மாதிரியே இருந்தது.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர்க் குழாய் டிக் டிக் என்று சுற்றியது. மார்லாவுக்கு ஒன்று புரிந்தது. இனி எதையும் சரிசெய்ய முடியாது. மூடுவதற்கு மட்டும்தான் வழி இருக்கிறது. ஒரு முகத்தை மூடியதால் மூன்றை மூட வேண்டி வந்தது. இப்போது மூன்று பூவும் போதாது.

பூக்களையெல்லாம் பிரித்தாள். வாங்கி வந்த ரிப்பன் அத்தனையையும் ஒரே அளவாக நறுக்கினாள். நீலத்தை நெடுக்காக வைத்தாள், பச்சையைக் குறுக்காக ஒன்றின் மேல், அடுத்ததன் கீழ் என்று கோத்தாள், இடையில் மஞ்சளை ஓட்டினாள். கூடை முடைகிற மாதிரி. ஓரங்களை மட்டும், படத்தைத் தொடாமல், கைப்பட ஊசி நூலால் தைத்தாள். முடித்தபோது படம் முழுக்க மூன்று நிறப் பாய். நடுவில் நீல்ஸின் தாடிக்கு மட்டும் ஒரு ஜன்னல். வாத்துகளில் ஒன்று தாடிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

ஆல்பம் மூடியது.

"யாராவது கேட்டா, மூணு கிளையும் ஒண்ணாப் பின்னியிருக்குன்னு சொல்லு," என்றான் கெண்ட். "அதை எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்?"

"உங்க அம்மாவுக்கு."

கெண்ட் ஸ்டேப்ளரைக் கொட்டகையில் வைக்கப் போனான்.

மறுநாள் பூங்காவில் மேப்பிள் மரங்களின் கீழ் மேசைகள் நீண்டிருந்தன. பன்றித்தொடை இறைச்சி, சாவு வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுபோகிற சீஸ் உருளைக்கிழங்கு, கேரட் துருவிய பச்சை ஜெல்லி. ஜெபம் முடிந்தது. ஆர்விலா பெரியம்மா ஊர்வலத்திலிருந்து நேராக வந்திருந்தாள். எண்பதைத் தாண்டியவள், கழுத்தும் முகமும் ஒன்றாகி மடிப்பு மடிப்பாக இறங்கியவள். சின்ன வயதிலிருந்தே ஊர்வலத்தில் முன்னோடிப் பெண் வேஷம் அவளுடையதுதான். நடக்க முடியாமல் போன பிறகும் திறந்த காரில் உட்கார்ந்து, தலையில் குல்லாவோடு, கையாட்டிக்கொண்டு வருவாள். குல்லாவைக் கழற்றாமலே மஞ்சள் மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

லாரூ கட்டுப்போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு, மற்றக் கையால் ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகத் திருப்பினாள். மூன்று கிளையும் சுற்றி நின்றது. மார்லா காகிதத் தட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைசியில் நின்றாள். நோலா அவளுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள், இந்த நிலைமையில் நிற்கக் கூடாது என்றாள். கல்யாணப் பக்கத்தில் லாரூ தன் அப்பாவின் கோட்டுப் பையைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தாள். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

தூரத்தில் குழந்தைகள் தண்ணீர் பலூன் எறிந்து விளையாடும் சத்தம் கேட்டது. நோலாவின் உதடுகள் அசைந்தன. நீலத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு பச்சையை எண்ணினாள். மஞ்சள்காரர் ஒருவர் குனிந்து வாத்துகளைப் பார்த்தார். எண்ணிக்கை சரியாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் நோலா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணும் ஒண்ணாச் சேர்ந்திருக்கு," என்றாள் தழுதழுத்து. "உசுரோட இருந்தப்போ மூணு பேரும் ஒரு பாத்திரம் மாத்திக்கிட்டதில்ல."

முணுமுணுப்பு பரவியது. நன்றாயிருக்கிறது என்றார்கள். இத்தனை வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லையே என்றார்கள். லாரூ மட்டும் பேசவில்லை. இந்த மௌனத்தை மார்லா இதற்குமுன் கேட்டதே இல்லை.

"மெட்டே எங்கே?" என்றாள் லாரூ கடைசியில். கோபமாகக்கூட இல்லை.

"உள்ள இருக்காங்க அத்தை."

லாரூவின் விரல் ஒரு பச்சை ரிப்பனின் ஓரத்துக்குப் போயிற்று. நகம் தையலைத் தேடியது. மார்லாவின் கையில் தட்டுகள் வளைந்தன. அப்போது ஒரு கைத்தடி நீண்டு வந்து ஆல்பத்தின் மேல் படுத்தது.

"விடு லாரூ," என்றாள் ஆர்விலா. "நூறு வருஷத்துக்கு மேல முறைச்சுட்டு நின்னவங்க. இப்பதான் ஒரு போர்வைக்குள்ள படுத்திருக்காங்க. எழுப்பாதே."

மஞ்சள்காரர்கள் தலையாட்டினார்கள். நீலக்காரர்களும் ஆட்டினார்கள். எல்லோரும் ஒரே பக்கம் தலையாட்டியது அந்தக் குடும்பத்தில் அதுவே முதல் தடவை. லாரூ நகத்தை எடுத்தாள். ஆல்பத்தை மெதுவாக மூடி, உள்ளங்கையால் அட்டையைத் தடவினாள். மார்லா பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அடுத்த வருஷம் டேப் ரெண்டு சுருளா வாங்கித் தரேன்."

மார்லாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு காலம் ஆசைப்பட்டது கைக்கு வந்திருந்தது. ஆனால் அது திருடிய பொருள் மாதிரி கையில் கனத்தது. லாரூ தன் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்து போனாள். படம் இல்லாமல் இன்றைக்குத் தாடைப் பேச்சு நடக்கவில்லை. மற்றவர்கள் ஐஸ்கிரீம் வரிசைக்குப் போனார்கள்.

மார்லா ஒரு கிண்ணம் ஐஸ்கிரீம் கொண்டுபோய் ஆர்விலாவிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"என்னடி, முள்ளு மேல உக்கார்ந்த மாதிரி?" என்றாள் கிழவி.

"பெரியம்மா, நீங்க சொன்ன மாதிரியெல்லாம் ஒண்ணும் இல்ல. கிளையைச் சேர்க்கறதுக்காக நான் அதைப் பின்னல. மெட்டே மேல பசை சிந்திட்டேன். துடைச்சதுல முகமே உரிஞ்சு வந்துடுச்சு. இருந்த ஒரே முகம். அதான் மூடிட்டேன்."

ஆர்விலா ஐஸ்கிரீமை ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி எடுத்தாள். பச்சை மேசையில் லாரூ பேத்தியின் தாடையை நிமிர்த்தி யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தாள். படம் இல்லாவிட்டால் என்ன, பழக்கம் விடவில்லை. கிழவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குல்லாவின் நாடாவை அவிழ்த்து, மடிப்பு மடிப்பான தன் கழுத்தை மெதுவாகத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"கவலைப்படாதேடி, மெட்டேயோட முகம் அறுபது வருஷத்துக்கு முன்னாடியே என் அடுப்படியில செர்ரிப் பாகுல போயாச்சு, நீ உரிச்சது, ஊர்வலத்துல குல்லா போட்டு எடுத்த போட்டோவிலேருந்து நான் வெட்டி ஒட்டின என்னோட தாடையை."